பெட்டியில் உறங்கும் தோட்டாக்கள்

பாலக்காட்டுக் கணவாயின் கீழ்வாயிலில் தொடங்கி, ஆனைமலையையும் ஏலமலையையும் தழுவிக்கொண்டு குமுளி வரையில், கேரளமும் தமிழகமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நீண்ட எல்லை ஒன்று உண்டு. வாளையார், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்பன பாலக்காட்டு மாவட்டத்து ஊர்கள். மறையூர், காந்தளூர், வட்டவடை, பூப்பாறை, குமுளி என்பன இடுக்கி மாவட்டத்து ஊர்கள். இவ்வூர்களில் தமிழ் பல வீடுகளில் வீட்டு மொழி. சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த மொழி. விளைவன ஊருக்கு ஊர் வேறு. கொழிஞ்சாம்பாறையில் நிலக்கடலையும் தென்னையும், மறையூரில் கரும்பு, வட்டவடையில் உருளைக்கிழங்கும் பூண்டும். பயிர் வேறானாலும் உழவரின் கவலை ஒன்றே. பொழுது சாய்ந்ததும் காட்டுப்பன்றி இறங்கிவிடுகிறது.

புனங்காவல் நமக்குப் புதிய தொழில் அன்று. குறிஞ்சித் திணைப் பாடல்களைப் படித்தவர்கள் பரணையும், கவணையும், தட்டை, குளிர் என்ற ஓசைக் கருவிகளையும் அறிவார்கள். தினையை மேய வந்த கிளியை அக்கருவிகளால் ஓட்டினார்கள். பன்றிக்குப் பொறி வைத்தார்கள். கவணின் இடத்தைப் பிற்காலத்தில் துப்பாக்கி பிடித்துக்கொண்டது. இந்த எல்லையோரம் ஒரு காலத்தில் மூன்று ஆட்சிகளின் கீழ்ப் பிரிந்து கிடந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தது. சித்தூர் கொச்சி அரசரைச் சேர்ந்தது. மூணாற்று மலைகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கேரள மாநிலம் அமைந்த பிறகே இவை ஒரு குடைக்கீழ் வந்தன. ஆட்சி எதுவாயினும், பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ஒன்று வசதியான குடும்பங்களில் சுவரில் தொங்கியது. அதற்கு உணவாக ஒரு பெட்டித் தோட்டாவும் மச்சில் இருந்தது.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தப் பெட்டியைப் பற்றியே.

துப்பாக்கிக்குக் கிடைக்கும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தோட்டாவுக்குக் கிடைப்பதில்லை. துப்பாக்கியைத் துடைக்கிறோம், எண்ணெய் இடுகிறோம், உறையில் இடுகிறோம். தோட்டாவையோ அரிசி, பருப்பைப்போல, இருந்தால் இருக்கட்டும் என்று போட்டு வைத்துவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்த பிறகு, சட்டத்துக்கு அடங்கிய வீடுகளில் துப்பாக்கி வெடிப்பது அரிதாயிற்று. பெட்டிகள் உறங்கிப் போயின. மூணாற்றுக்கு அருகில் தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களமாக இருந்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனதை நினைத்துப் பார்த்தால், காலம் எப்படி மாறிற்று என்பது விளங்கும்.

இப்பொழுது அந்தப் பெட்டிகள் மீண்டும் திறக்கப்படும் காலம் வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்கள், நகரசபைத் தலைவர்கள், மேயர்கள் ஆகியோருக்கு அளித்தது. உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதி வைத்து, தேவைப்படும்போது அவர்களை அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு வேறு விதம். அங்கே காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தார்கள். பன்றிக்கு எல்லைக்கல் தெரியாது. மனிதனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எது எப்படியாயினும், பல ஆண்டுகளாகச் சுடாதிருந்த கை துப்பாக்கியை எடுக்கும்போது, பல ஆண்டுகளாகச் சுடப்படாத தோட்டாவும் கூடவே வருகிறது. "எங்கள் அப்பாரு காலத்துத் தோட்டாங்க, இன்னும் வெடிக்கும்" என்று பெருமையோடு சொல்வார்கள். வெடிக்கலாம். எப்படி வெடிக்கும் என்பதுதான் கேள்வி.

ரவைத் துப்பாக்கியின் தோட்டாவை நீளவாக்கில் பிளந்தாற்போல மனக்கண்ணால் பார்ப்போம். அடியில் பித்தளைத் தொப்பி. அதன் நடுவில் பொட்டு வைத்தாற்போல் கேப். அதற்கு மேல் மருந்து. மருந்துக்கு மேல் கம்பளியாலோ அட்டையாலோ ஆன தக்கை. தக்கைக்கு மேல் ஈய ரவைகள். எல்லாவற்றையும் அடக்கிய கூடு, பழைய தோட்டாக்களில் மெழுகு ஏற்றிய காகிதம். 1960க்குப் பிறகு மெல்ல மெல்லப் பிளாஸ்டிக். 12ஆம் நம்பர் துப்பாக்கி என்கிறோமே, அந்த எண்ணின் பொருளையும் சொல்லிவிடுவோம். குழலின் வாய் அளவுக்குச் சரியாக ஈயக் குண்டுகள் வார்த்தால் ஒரு ராத்தல் ஈயத்துக்கு 12 குண்டுகள் தேறும். அதனால் அது 12ஆம் நம்பர். குழலின் உள் விட்டம் ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். 20ஆம் நம்பர் துப்பாக்கியின் குழல் இதைவிடச் சிறியது. இந்தக் கணக்கு பின்னால் நமக்கு உதவும்.

விசையை இழுத்தவுடன் ஊசி கேப்பைக் குத்துகிறது. கேப்பின் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து ஆவியாகிச் சதுர அங்குலத்துக்கு 10,000 ராத்தல் அளவுக்கு அழுத்தம் கொள்கிறது. தக்கை உந்தப்பட்டு, தனக்கு முன்னால் உள்ள ரவைகளைத் தள்ளிக்கொண்டு குழலை விட்டு வெளியேறுகிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் காரியம் கெட்டுவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்வது எந்தக் கண்ணி என்பது தோட்டா உறங்கிய இடத்தைப் பொறுத்தது.

நம் எல்லையோரத்தில் இரண்டு விதமான பகைகள் உண்டு. மூணாறு, நெல்லியாம்பதி முதலிய மலைகளில் தென்மேற்குப் பருவ மழை மாதக்கணக்கில் விடாது பெய்யும். சுவரில் பாசி, செருப்பில் பூஞ்சணம், உப்புச் சாடியில் நீர். காகிதத் தோட்டா அந்த ஈரத்தைக் குடித்து உப்பிவிடுகிறது. துப்பாக்கியின் அறைக்குள் நுழைய மறுக்கிறது. நுழையாத தோட்டாவைக் கத்தியால் சீவியும் உப்புத்தாளால் தேய்த்தும் உள்ளே திணிக்கிறவர்கள் உண்டு. பித்தளையில் பச்சைக் களிம்பு படர்கிறது. கேப்பின் ஓரத்தில் ஈரம் புகுந்து அதன் மருந்து மந்தமாகிறது. பழைய கேப்புகளில் பாதரசத்திலிருந்து செய்த பல்மினேட் என்ற பொருள் இருந்தது. வெப்பநாடுகளில் அது சில ஆண்டுகளிலேயே வீரியம் குன்றிவிடும் என்பதைப் பட்டாளத்துக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

மலையை விட்டுக் கணவாய்க்கு இறங்கினால் கதை வேறு. பாலக்காட்டுக் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஓட்டு வீட்டின் மச்சில் அந்த வெப்பம் இன்னும் அதிகம். அங்கே உறங்கும் தோட்டாவுக்கு வெளியில் ஒரு குறையும் தெரியாது. காகிதம் காய்ந்து அழகாக இருக்கும், பித்தளை பளபளக்கும். கெடுதல் உள்ளே நடக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அபாயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வெடிமருந்தில் இரு சாதிகள் உண்டு. ஒன்று கருமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் கரியும் கந்தகமும். நம் திருவிழாக்களில் வெடிக்கிற மருந்தும் இதன் உறவுதான். இது நீர் குடித்துக் கெடுமே தவிர, உலர்ந்த இடத்தில் வைத்தால் தலைமுறை கடந்தும் தன் இயல்பு மாறாது. மற்றொன்று புகையில்லா மருந்து. 1884இல் பால் வியேல் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர் பஞ்சு வகைப் பொருளை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்த நைட்ரோ செல்லுலோஸிலிருந்து இதை ஆக்கினார். இது கருமருந்தைக் காட்டிலும் வலியது, தூயது. ஆனால் பிறந்த நாள் முதலே மெல்ல மெல்லத் தன்னைத் தானே தின்றுகொண்டிருப்பது. சிதையும்போது அமில ஆவி எழுகிறது. அந்த ஆவியே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. வெப்பம் கூடினால் வேகம் கூடும். இதைத் தடுக்க டைபினைலமின் போன்ற பொருள்களை மருந்தில் சிறிதளவு சேர்க்கிறார்கள். அவை அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு மருந்தைக் காக்கும் காவற்காரர்கள். காவற்காரனுக்கும் ஆயுள் உண்டு.

இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. பிரான்ஸ் நாட்டுத் தூலோன் துறைமுகத்தில் 1907இல் இயேனா என்ற போர்க்கப்பலும், 1911இல் லிபர்த்தே என்ற போர்க்கப்பலும் எந்தப் பகைவனும் சுடாமலே வெடித்துச் சிதறி நூற்றுக்கணக்கான மாலுமிகளை மாய்த்தன. கெட்டுப்போன புகையில்லா மருந்தே காரணம் என்று கண்டார்கள். மச்சிலுள்ள இருபத்தைந்து தோட்டாக்கள் கப்பலின் மருந்தறை ஆகிவிடமாட்டா. நேயர்கள் இதைக் கேட்டு இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோட்டாவுக்குள் உள்ள மருந்து இரண்டு கிராம் அளவே. அது தானே வெடிப்பது மிக அரிது. ஆயினும் கெட்ட மருந்து துப்பாக்கிக்குள் போனபின் எப்படி நடந்துகொள்ளும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் வலு குன்றியிருக்கும். சில வேளை மருந்தின் மணிகள் நொறுங்கித் தூளாகி, எரிய வேண்டிய வேகத்துக்கு மேல் எரியும்.

இனி, சுடும்போது நேரக்கூடியவற்றைச் சொல்வோம். ஊசி குத்துகிறது, தோட்டா வெடிக்கவில்லை. பெரும்பாலோர் அஞ்சுவது இதற்குத்தான். பன்றி தப்பிவிடும், அல்லது நம்மேல் பாய்ந்துவிடும். உண்மையில் இது இருப்பவற்றுள் சிறிய அபாயம். மந்தமான கேப் கணநேரம் கழித்துத் தீப்பிடிப்பதும் உண்டு. அதற்குள் ஆத்திரப்பட்டுத் துப்பாக்கியை மடித்துத் திறந்துவிட்டால், தாங்குவதற்குக் குழல் இல்லாமல் தோட்டா முகத்துக்கு நேரே வெடிக்கும். ஆகையால் வெடிக்காத தோட்டாவுக்கு ஒரு நிமிடம் அவகாசம் கொடுக்க வேண்டும். குழலின் வாய் ஆளில்லாத திசையில் இருக்க, தோளிலிருந்து இறக்காமல் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். இருட்டில், பன்றி உறுமும் ஓசைக்கு நடுவே, ஒரு நிமிடம் நீளமானதுதான். ஆனாலும் வேறு வழியில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது அரைகுறையாக வெடிக்கும் தோட்டா. வழக்கமான முழக்கம் இல்லை. பட் என்று ஒரு சிற்றொலி. தோளில் உதை இல்லை. மருந்து பாதி எரிந்து நின்றுவிட்டது. ரவைகள் பத்தடியில் விழுந்திருக்கலாம், குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், ரவை போய்த் தக்கை மட்டும் நின்றிருக்கலாம். சுட்டவனுக்கு அது தெரியாது. "சத்தம் சரியில்லை" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த தோட்டாவைச் செருகுகிறான். இந்தத் தோட்டா நல்லதாக அமைந்துவிட்டால், அதுவே கேடு. முழு வேகத்தில் வரும் ரவைக்கூட்டம் அடைப்பில் மோதுகிறது. ஆவி செல்ல வழியில்லை. குழல் வாழைப்பட்டைபோல் கிழிகிறது. துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு இடக்கை எங்கே இருக்கும் என்பது தெரியும். குழலைத் தாங்கி, அறைக்குச் சற்று முன்னால் இருக்கும். விரல்களும் கண்ணும் போவது இப்படித்தான்.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வலக்குழல் சரியாக வெடிக்காவிட்டால் இடக்குழலைச் சுடுகிறோம். அது நன்றாக வெடிக்கிறது. மனம் தெளிந்து இரண்டிலும் புதுத் தோட்டாக்களை இடுகிறோம். நடுவில் வெடித்த நல்ல முழக்கம், முந்திய சிற்றொலியை நினைவிலிருந்து துடைத்துவிடுகிறது. ஒலி மாறினால் அன்றைய வேட்டை முடிந்தது என்று கொள்வதே முறை. ஒரு நிமிடம் பொறுத்துத் தோட்டாக்களை எடுத்துவிட்டு, பின்புறமிருந்து டார்ச் விளக்கின் ஒளியில் குழலுக்குள் நோக்க வேண்டும். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால், மரக்கோலால் வாய்ப்பக்கமிருந்து மெல்லத் தள்ளி எடுப்பதே வழி. அடைப்பை மற்றொரு தோட்டாவால் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை.

பழைய பெட்டியின் மற்றொரு தொல்லை கலப்படம். இரண்டு மூன்று தலைமுறைகள் வாங்கிச் சேர்த்தவை ஒரே பெட்டியில் கிடக்கும். பர்மிங்ஹாமில் செய்த கைனாக், லண்டனில் பிறந்த ஈலி, பிறகு நம் நாட்டுக் கட்கி தொழிற்சாலையின் சக்திமான். கட்கியில் 1869 முதல் தோட்டாத் தொழிற்சாலை நடந்துவருகிறது. காகிதத்தின் மேல் எழுத்து மங்கிவிட்டால், உள்ளே இருப்பது பன்றிக்குரிய பெரிய ரவையா, காடைக்குரிய பொடி ரவையா என்பது தெரியாது. பொடி ரவையால் சுடப்பட்ட பன்றி சாவதில்லை. புண்ணோடு புதரில் கிடந்து, மறுநாள் காலையில் விறகு பொறுக்க வந்தவர்மேல் பாய்கிறது. எய்தவன் வேறு, நோவு பட்டவர் வேறு.

அன்றியும் 20ஆம் நம்பர்த் தோட்டா ஒன்று அந்தப் பெட்டியில் கலந்திருந்தால் அதைவிட வஞ்சகமானது வேறில்லை. 12ஆம் நம்பர் அறையில் அதை இட்டால் நழுவி முன்னே போய், குழல் குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். பார்ப்பவனுக்கு அறை வெறுமையாகத் தோன்றும். அதன் பின்னால் 12ஆம் நம்பரை இட்டு மூடிச் சுடவும் முடியும். அதன் விளைவை நாம் வருணிக்க வேண்டியதில்லை. இந்தக் காரணத்தாலேயே பிற்காலத்தில் 20ஆம் நம்பருக்கு மஞ்சள் நிறக்கூடு என்று வழக்கப்படுத்தினார்கள். பழைய தோட்டாக்களுக்கு அந்த வழக்கம் தெரியாது.

நீளத்திலும் கவனம் வேண்டும். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலம். இக்காலத் தோட்டா இரண்டேமுக்கால் அங்குலம். தோட்டாவின் நீளம் என்று சொல்வது வெடித்து விரிந்தபின் உள்ள நீளத்தையே. வெடிக்குமுன் வாய் மடிந்து குறுகி இருப்பதால் அது பழைய அறைக்குள் சுகமாக நுழைந்துவிடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். ஆகவே பழைய தோட்டா மட்டுமே குற்றவாளி என்று நினைத்துவிடலாகாது. பழைய துப்பாக்கியில் புதிய தோட்டாவும் தகராறு செய்யும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த, வரிவரியாகப் பாம்புத்தோல்போல் தோன்றும் டமாஸ்கஸ் குழல்கள் கருமருந்துக் காலத்துப் பொருள்கள். அவற்றைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதே நலம்.

பித்தளையைப் பற்றி ஒரு விசித்திரமான செய்தி. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த பட்டாளங்களில் மழைக்காலத்தில் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே விண்டு வெடிப்புக் கண்டன. மழைக்காலத்தில் மட்டும் ஏன் என்பது நெடுங்காலம் புரியவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விடை கண்டார்கள். மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி, முறுகிய பித்தளையைப் பிளந்தது. நம் வீடுகளில் லாயம் இல்லை. ஆனால் மாட்டுத் தொழுவத்துக்கு மேல் பரண் உண்டு. அந்தப் பரணில் தோட்டாப் பெட்டி வைக்கிற வழக்கமும் உண்டு. விண்ட பித்தளை வழியாக, வெடித்த ஆவி பின்னோக்கிச் சீறும். அந்தப் பக்கத்தில் இருப்பது நம் முகம்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய தோட்டா அனைத்தும் பாழ் என்று முடிவு செய்வதும் சரியன்று. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில், காற்றுப் புகாத தகரப் பெட்டியில் வைத்த நல்ல தோட்டா ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒழுங்காக வெடித்தது உண்டு. முதுமை மட்டும் குற்றம் அன்று. ஆனால் நம் தோட்டா அந்த ஐம்பது ஆண்டுகளும் எங்கே இருந்தது என்று எவர் சாட்சி சொல்வார்? மறையூரிலிருந்து மூணாற்றுக்கும், மூணாற்றிலிருந்து பாலக்காட்டுக்கும் குடும்பம் பெயர்ந்தபோதெல்லாம் பெட்டியும் பெயர்ந்திருக்கிறது. குளிரிலிருந்து வெக்கைக்கு வரும்போது பித்தளைமேல் நீர் பூக்கிறது, குளிர்ந்த செம்பின்மேல் பூப்பதுபோல. வரலாறு தெரியாத தோட்டாவைச் சுடலாகாது என்பது நம் முடிவு.

பார்த்த மாத்திரத்தில் விலக்க வேண்டியவை சில உண்டு. கேப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. உப்பிய அல்லது விண்ட கூடு. வாய் மடிப்பின் வழியே வெளிவந்த வெள்ளைப் பொடி. அந்த வெள்ளை ஈயம் அரித்ததன் அடையாளம். உள்ளே ரவைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். அப்படிப்பட்ட கட்டி தனிக்குண்டுபோல் நாம் எண்ணாத தூரத்துக்குப் பாயும். மூக்கைத் துளைக்கும் அமில வாடையோ செம்பழுப்புத் தூளோ இருந்தால் மருந்து சிதைந்துவிட்டது. கம்பளித் தக்கையை அந்துப்பூச்சியின் புழு தின்றிருப்பதும் உண்டு. அதை வெளியிலிருந்து அறிய வழியே இல்லை. தோட்டாவைச் சோதிக்க உடைத்துப் பார்ப்பது வேண்டாம். எடுத்த மருந்தைப் பன்றிப்படக்கத்துக்குப் பயன்படுத்துவதோ பெருங்குற்றம். 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்து வெள்ளியாற்றில், வெடிபொருள் வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று நீரில் நின்றபடியே உயிர் விட்டதை நாடு மறக்கவில்லை.

ஈரமான தோட்டாவை வெயிலில் பரப்பியும் அடுப்புக்கு மேல் பரணில் வைத்தும் உலர்த்துவது இப்பகுதி வழக்கம். நீர் போகலாம், போன வீரியம் திரும்பாது, வெப்பத்தால் சிதைவு விரையும். எண்ணெய் பூசி வைப்பதும் கூடாது. எண்ணெய் மெல்ல ஊர்ந்து கேப்புக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும். துப்பாக்கிக்கு எண்ணெய், தோட்டாவுக்கு உலர்ந்த துணி. பழைய கேப்புள்ள தோட்டாவை எவரேனும் சுட்டிருந்தால், அன்றே குழலை நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். அக்கேப்புகளில் குளோரேட் உப்பு உண்டு. அது எரிந்தபின் எஞ்சும் உப்பு ஈரத்தை ஈர்த்து ஒரே இரவில் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். வெறும் எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும்.

சரி, சுடக்கூடாத தோட்டாவை என்ன செய்வது? கிணற்றில் போட்டால் ஈயம் குடிநீரில் கிடக்கும். குழி தோண்டிப் புதைத்தால், மரவள்ளிக்குக் குழி எடுக்கும் மகனுடைய மண்வெட்டியில் அது மீண்டும் தட்டுப்படும். நெருப்பில் இட்டால் பித்தளைத் துண்டும் கேப்பும் சிதறிக் கண்ணைக் கெடுக்கும். பழைய இரும்புக்காரனிடம் பித்தளை விலைக்குப் போடுவது, அபாயத்தை அடுத்தவன் தலையில் கட்டுவது. சுட்டே தீர்த்துவிடலாம் என்பதுதான் மனத்துக்குச் சிக்கனமாகத் தோன்றும் வழி. உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க இயலாது, விலையும் சிறிதன்று, ஆகவே ஒன்றைக்கூட வீணாக்க மனம் வருவதில்லை. அந்த மனநிலை நமக்குப் புரிகிறது. ஒரு தோட்டாவின் விலையையும் ஒரு கையின் விலையையும் ஒரே தராசில் வைக்கத்தான் நம்மால் முடியவில்லை.

சட்டம் காட்டும் வழி எளியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவில், வைத்திருக்கும் உரிமை எக்காரணத்தாலாவது நீங்கிவிட்டால் ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. உரிமம் தந்தையின் பெயரில் இருந்து, தந்தை மறைந்துவிட்டால், மகனுக்குத் துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை. தன் பெயரில் உரிமம் பெறும்வரை அவை அவன் வீட்டில் இருக்கலாகாது. துப்பாக்கியை ஒப்படைத்தவர்கள்கூட மச்சிலிருக்கும் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். துப்பாக்கி இல்லாத வீட்டில் பத்துத் தோட்டா இருந்தாலும் அது உரிமமில்லாத பொருளே. பொள்ளாச்சியிலோ போடியிலோ உள்ள மைத்துனருக்குக் கொடுத்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது, ஒரு குற்றத்தை இரண்டாக்கி இரு மாநிலங்களில் பரப்புவது.

உரிமம் உள்ளவரும் கெட்ட தோட்டாக்களைத் தனியே பிரித்து, எண்ணி, உரிமப் புத்தகத்தோடு நிலையத்துக்கோ வியாபாரியிடமோ கொண்டுபோய் எழுத்துமூலம் ரசீது பெற்றுக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கை அவருடைய கணக்கோடு ஒத்துப்போக வேண்டுமாதலால் ரசீது முக்கியம். அமில வாடை வீசும் பெட்டியாக இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். குழந்தைகளை விலக்கி, வெயில் படாத இடத்தில் இருந்தபடியே விட்டு, நிலையத்துக்குச் செய்தி சொன்னால் அதற்குரிய ஆட்கள் வருவார்கள். பழைய தோல் தோட்டாக்கச்சை இருந்தால் அதிலும் தேடிப் பார்க்க வேண்டும். தோலைப் பதனிட்ட துவர்ப்பொருள் பித்தளையை அரிக்கும். ஆகையால் பெட்டியிலிருப்பவற்றுக்கு முன்னால் கச்சையில் மறந்துபோனவையே களிம்பேறிக் கெட்டிருக்கும். காலியான கச்சையையும் மரப்பெட்டியையும் நல்ல தோட்டா வைக்க மறுபடியும் பயன்படுத்தாதிருப்பது நல்லது. தோலின் துவரும் மரத்தில் ஊறிய அமிலமும் உள்ளேயேதான் இருக்கின்றன.